இடம் கொஞ்சம்தானா? கிராஸ்ஓவரை இப்படிச் சுருக்குங்கள்

வணக்கம் நண்பர்களே. மாடல் ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு தடங்களை இணைக்கும் கிராஸ்ஓவரைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். லேஅவுட்டில் இடம் போதவில்லை என்றதும் பலரும் தேடுவது கூர்மையாகத் திரும்பும் குட்டைப் பாயின்ட்டை, அதாவது வண்டியைத் தடம் மாற்றிவிடும் துண்டை. அதில் எனக்கு உடன்பாடில்லை. கோணத்தில் கை வைக்காதீர்கள். இரண்டு தடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் கை வையுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். 6-ஆம் நம்பர் பாயின்ட் என்றால், ஆறு பங்கு நீளம் போவதற்குள் ஒரு பங்கு விலகும். மையத்துக்கு மையம் 50 மி.மீ. என்றால் ஒரு தடத்திலிருந்து மற்றதற்கு மாற ஏறக்குறைய 300 மி.மீ. வேண்டும். 4-ஆம் நம்பருக்கு 200 போதும். 100 மி.மீ. மிச்சம், சரி. ஆனால் வண்டி ஒரு பக்கம் வளைந்த கையோடு மறுபக்கம் வளைகிறதே, அந்த எஸ் வளைவு அங்கே இன்னும் கடுமையாகிவிடும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு நீளமான கோச்சுகளின் முனைகள் எதிரெதிர்ப் பக்கம் ஒதுங்கும். வண்டிகளைக் கோக்கும் கப்ளர் பக்கவாட்டில் இழுக்கும். சக்கரம் தண்டவாளத்தின் மேலே ஏறும்.

என் மேசையில் இருப்பது ஹெச்ஓ, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு; கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, 16.5 மி.மீ. பாயின்ட் பீக்கோ நிறுவனத்தின் ஸ்ட்ரீம்லைன் வகை, கோடு 100 (தண்டவாள உயரம் 0.1 அங்குலம்). சின்னது, நடுத்தரம், பெரியது எதை எடுத்தாலும் விலகும் கோணம் 12 டிகிரிதான். இரண்டை நேராகச் சேர்த்தால் தடங்களுக்கு நடுவே 50 மி.மீ. வரும். இதை 45 ஆக்கலாம். குறைய வேண்டிய 5 மி.மீ.-ஐ 12 டிகிரியின் சைன் மதிப்பான 0.208-ஆல் வகுத்தால் 24. அதாவது விலகும் கிளையில் பாயின்ட்டுக்கு 12 மி.மீ. வெட்டினால் போதும். கிராஸ்ஓவரும் ஏறக்குறைய அதே 24 மி.மீ. குட்டையாகும்.

கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன், பாருங்கள். இது ஃப்ராக், நேர்வழியின் தண்டவாளமும் விலகும் வழியின் தண்டவாளமும் குறுக்கிடும் கூர்முனை. இதைத் தாண்டி விலகும் கிளையில் வரும் இரண்டு தண்டவாளங்களில்தான் வெட்டு. மெல்லிய ரேசர் ரம்பத்தால் மெதுவாக அறுங்கள். அறுத்ததும் அடியில் பிசிர் நிற்கும். விரல் நகத்தால் தடவினாலே தட்டுப்படும். அதை அரத்தால் ராவினால்தான் ஜாயினர், அதாவது இரண்டு தண்டவாள முனைகளை இணைக்கும் உறை, நுழையும். கடைசி ஸ்லீப்பரில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் குட்டிக் குமிழ்களையும் கத்தியால் சீவி எடுங்கள். இல்லையென்றால் ஜாயினர் தூக்கிக்கொண்டு அங்கே ஒரு மேடு வந்துவிடும்.

நடுவில் சேரும் இரண்டு தண்டவாளங்களுக்கும் பிளாஸ்டிக் ஜாயினர்தான் போட வேண்டும். ஃப்ராக்கில் மின்சாரம் ஓடும் வகையாக இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு பாயின்ட் நேராக நின்றால் அதன் ஃப்ராக், மறு பாயின்ட்டிலிருந்து வந்து அதோடு சேரும் தண்டவாளத்துக்கு எதிர்த் துருவமாகும். உலோக ஜாயினர் இருந்தால் அந்த நொடியே ஷார்ட். இரண்டு பாயின்ட் மோட்டாரையும் ஒரே சுவிட்சில் கொடுங்கள், சேர்ந்தே திரும்பட்டும்.

45 மி.மீ. நேர்தடத்துக்கு மட்டும்தான். 3 மீட்டர் அகலமுள்ள நிஜக் கோச் ஹெச்ஓவில் சுமார் 35 மி.மீ.; எதிரெதிரே இரண்டு வந்தாலும் நடுவே 10 மி.மீ. கிடைக்கும். வளைவில் கோச்சின் நடுப்பகுதி உள்ளேயும் முனைகள் வெளியேயும் தள்ளும், அதனால் வளைவு தொடங்கும் முன்பே இடைவெளியை மறுபடி அகலமாக்குங்கள். அப்புறம், பசை போடும் முன் பலகைக்கு அடியில் குனிந்து பாருங்கள். மோட்டார் வரவேண்டிய இடத்தில் குறுக்குச் சட்டம் இருந்தால் கிராஸ்ஓவரை இப்போதே நகர்த்திவிடலாம்.

இடைவெளி குறைந்தால் நடுவிலுள்ள நேர்ப்பகுதியும் குறைகிறது, அதனால் சோதனை கட்டாயம். உங்களிடம் உள்ள மிக நீளமான கோச்சையும் மிகக் குட்டையான வேகனையும் கோத்து, எஞ்சினால் பின்னோக்கித் தள்ளுங்கள். இழுக்கும்போது தெரியாத கோளாறு தள்ளும்போது தெரியும். இரண்டு திசையிலும் சக்கரம் இறங்காமல் போன பிறகு சரளைக்கல்லைக் கொட்டுங்கள்.