ஆலங்கட்டி மழையும் கூரைச் செலவும்

நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரை பிறந்துவிட்டால் நம் நீலகிரி வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பளீரென்று வெயில், மதியம் தொட்டபெட்டா பக்கம் கருக்கல், மூன்று நான்கு மணிக்கு இடி, அப்புறம் மழை. சில நாள் அந்த மழையோடு ஆலங்கட்டியும் வந்துவிடுகிறது. பிள்ளைகள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். வீட்டுக்காரர் கூரையை அண்ணாந்து பார்ப்பார்.

மேட்டுப்பாளையத்தில் வெறும் மழையாக விழுவது நமக்கு மட்டும் ஏன் கட்டியாக விழுகிறது என்று கேட்பார்கள். நம் பகுதியில் காற்று உறைநிலைக்குப் போகும் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அதற்குக் கீழே இறங்கும்போதுதான் கட்டி கரையத் தொடங்குகிறது. ஊட்டி இருப்பது 2,240 மீட்டரில், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சத்தில். கரைவதற்குக் கிடைக்கும் தூரம் நமக்கு 2,000 மீட்டர் அளவுக்குக் குறைவு. அதனால் கீழே போவதற்குள் தண்ணீராகிவிடும் கட்டி நம் தலையில் கட்டியாகவே விழுகிறது. சின்னக் கட்டி ஒன்றும் செய்யாது. ஒரு அங்குலத்தைத் தாண்டினால் மணிக்கு 40 முதல் 65 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இறங்கும். பழைய கூரை தாங்காது.

அதற்குப் பிறகு வரும் செலவைப் பற்றித்தான் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கட்டட வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூரை ரிப்பேருக்கு ஆகும் மொத்தச் செலவில் ஆலங்கட்டியின் பங்கு பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. ஆலங்கட்டி உடைத்தது ஒரு பங்கு. ஏற்கெனவே உளுத்துப்போய் இருந்தது இன்னொரு பங்கு. மூன்றாவது, அவசரத்தில் நாமே மேலே ஏறி உடைத்தது. இந்த மூன்றையும் ஒரே காகிதத்தில் குழப்பி எழுதிய எஸ்டிமேட்டை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முதல் நாள் சாயங்காலத்திலிருந்து வருவோம். மழை விட்டதும் ஏணியைச் சாத்தி மேலே ஏறத்தான் கை பரபரக்கும். ஏறாதீர்கள். சிமெண்ட் சீட்டு, அதாவது ஆஸ்பெஸ்டாஸ், ஈரத்தில் வழுக்கும். பாசி பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். சீட்டின் நடுவில் கால் வைத்தால் முறிந்து ஆளையே கீழே விட்டுவிடும். உயிர் போன சம்பவங்கள் உண்டு. கட்டாயம் ஏற வேண்டுமென்றால் ரீப்பருக்கு, அதாவது சீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கு, மேலே வருகிற மாதிரி குறுக்கே பலகை போட்டு, பலகைமேல்தான் நடக்க வேண்டும். பழகிய ஆளும் அப்படித்தான் செய்வார்.

அதற்குப் பதிலாக உள்ளேயிருந்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் ஓட்டை எங்கே என்று புள்ளி புள்ளியாகத் தெரியும். ஓட்டை விழாத கீறலும் இருக்கும். சீட்டின் மேலே அடி விழுந்தாலும் கீறல் முதலில் தெரிவது அடிப்பக்கத்தில்தான், மயிரிழை போல. அடுத்த தூறலுக்கு அந்த இடம் கறுத்துக் காட்டும். சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். கூட்டிப் பெருக்குவதற்கு முன்பு, தரையில் கட்டி கிடக்கும்போதே, போனில் படம் எடுத்துவிடுங்கள். கட்டிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு படம், கூரைக்கு வெளியிலிருந்து ஒரு படம், உள்ளேயிருந்து ஒரு படம். எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்றைக்கே பார்க்க வேண்டிய இன்னொன்று, தண்ணீர் போகும் வழி. பழைய பங்களாக்களில் இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் பள்ளத்தில் தகரக் கால்வாய் இருக்கும். ஆலங்கட்டி அதில் குவிந்து அணை கட்டிவிடும். கிழிந்து விழுந்த சில்வர் ஓக் இலை, யூகலிப்டஸ் இலை எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். பின்னால் வரும் மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் ஓட்டுக்கு அடியில் ஏறி, மரத் தட்டி, சுவர், மின் வயர் என்று இறங்கும். ஒரு ஓடுகூட உடையாத வீட்டில் சீலிங் முழுக்க நனைந்து தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கான்கிரீட் மொட்டை மாடிக்காரர்களும் இதை மட்டும் கவனியுங்கள். உங்கள் தளத்தை ஆலங்கட்டி ஒன்றும் செய்யாது, தண்ணீர் போகும் குழாய் வாயை அடைத்துவிடும். கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

இனி கணக்குக்கு வருவோம். விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் நான் சொல்லப்போவது கற்பனை விலை; கணக்குப் போடும் முறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் சீட்டு வீடு, கூரையில் 24 சீட்டு, ஆறு உடைந்திருக்கிறது. ஒரு சீட்டு ஆயிரம் ரூபாய் என்றால் ஆறாயிரம். வீட்டுக்காரர் மனதில் இருப்பது இந்த ஆறாயிரம்தான். ஆனால் ஒரு சீட்டைக் கழற்ற அதன்மேல் ஏறி நிற்கும் பக்கத்துச் சீட்டையும் தளர்த்த வேண்டும். பழைய சீட்டு, துருப்பிடித்த போல்ட். கழற்றும்போது இரண்டு போகும். அது இரண்டாயிரம். கொக்கி மாதிரி வளைந்த ஜே போல்ட், வாஷர், முகட்டுச் சீட்டு ஆயிரம். வண்டி வாடகை ஆயிரத்து ஐந்நூறு. ரோட்டிலிருந்து வீட்டுக்குத் தலைச்சுமைக் கூலி தொள்ளாயிரம். இரண்டு ஆளும் ஒரு உதவியாளும் இரண்டு நாள் என்றால் கூலி ஐயாயிரத்து நானூறு. பலகை, ஏணி, சாரம் அறுநூறு. கூட்டிப் பாருங்கள், 17,400 ரூபாய் வரும். இதில் ஆலங்கட்டி உடைத்தது ஆறாயிரம். கழற்றிப் பார்க்கும்போது ரீப்பர் உளுத்திருந்தால் அது தனி.

தலைச்சுமையைச் சும்மா சொல்லவில்லை. நம் படகர் ஹட்டிகளிலும் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளிலும் வண்டி வாசலுக்கு வராத வீடுகள் எத்தனை! பத்தடி சீட்டைப் படியில் திருப்பி இறக்குவதே தனி வித்தை. சமவெளிக்காரர் யாராவது போனில் “சதுர அடிக்கு இவ்வளவுதான்” என்று ரேட் சொன்னால், சாமான் எதுவரை வந்து சேரும் என்று கேளுங்கள். சதுர அடியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பத்தடி நீளம், மூன்றரை அடி அகலம் என்றால் பில்லில் 35 சதுர அடி. ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரங்களைக் கழித்தால் கூரையில் மூடுவது 31 சொச்சம்தான். கூரையை அளந்து அப்படியே ஆர்டர் கொடுத்தால் பத்துச் சீட்டுக்கு ஒன்று குறையும். அந்த ஒன்றுக்காக இன்னொரு வண்டி வாடகை.

உடைந்த சிமெண்ட் சீட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆஸ்பெஸ்டாஸ் நார் எந்த வகையாக இருந்தாலும் புற்றுநோய் வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முழுச் சீட்டாகக் கூரையில் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. உடையும்போதும் அறுக்கும்போதும் கிளம்பும் தூசிதான் எமன். உடைந்த துண்டுகளைக் காய்ந்த விளக்குமாற்றால் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, கையுறை போட்டு எடுத்து, கனமான பிளாஸ்டிக்கில் கட்டி வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று நகராட்சியிலோ பேரூராட்சியிலோ கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிங் மெஷின் வைத்து அறுக்க விடாதீர்கள். முகத்தில் துண்டு கட்டுவது போதாது, என்95 முகக்கவசமும் போதாது; பி100 அல்லது எஃப்எஃப்பி3 என்ற தரத்தில் முகக்கவசம் வேண்டும். நம் ஊரில் உடைந்த சீட்டைத் தூளாக்கிப் பாதைச் சேற்றில் போடுவதும், கோழிக்கூண்டுக்குத் தடுப்பாக வைப்பதும் வழக்கம். பிள்ளைகள் நடக்கும் பாதை அது. அந்த வழக்கத்தை விட்டுவிடலாம்.

தகரக் கூரைக்காரர்களுக்கு நல்ல செய்தி. கலர் சீட்டில் விழுந்த குழி ஒழுகாது. பார்க்க அம்மை வடு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் மட்டும் டச்சப் அடித்தால் துரு பிடிக்காது. “சார், முழுக் கூரையையும் மாத்திடலாம்” என்று யாராவது வந்தால், ஓட்டை எங்கே காட்டு என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒழுகுவது ஸ்க்ரூவைச் சுற்றி, ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்த இடத்தில். புதிதாக வாங்குவதாக இருந்தால், சொல்லும் மில்லிமீட்டர் கணக்கு பெயிண்டும் பூச்சும் சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். மெல்லிய தகட்டில் மிச்சம் பிடிப்பது அடுத்த ஆலங்கட்டிக்குத்தான் லாபம். ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுத் தகரத்துக்கு மாறுகிறவர்கள் ஒன்றை யோசியுங்கள்: ஊட்டிக் குளிரில் வீட்டுக்குள் இருக்கும் நீராவி இரவில் தகட்டின் அடியில் பட்டு, விடியும்போது கட்டில்மேல் சொட்டும். மழையே இல்லாமல் ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிடுவார்கள். அடியில் இன்சுலேஷன் வைக்கும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

மங்களூர் ஓட்டுக்கு வேறு சங்கடம். 1860-களில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிய பிறகு பரவிய ஓடு இது. அப்புறம் எத்தனையோ தொழிற்சாலைகள் வந்தன. ஒன்றின் அச்சு இன்னொன்றோடு அப்படியே பொருந்தாது. பள்ளமும் மேடும் கோத்து உட்கார்ந்தால்தான் தண்ணீர் உள்ளே வராது. அதனால் கடைக்குப் போகும்போது உங்கள் ஓடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்; பின்பக்கம் தொழிற்சாலை முத்திரை இருக்கும். இடித்த பழைய வீடுகளின் ஓடு விற்கும் இடங்களில் அதே முத்திரை கிடைத்தால் யோகம். நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 140 ஓடு பிடிக்கும். இறக்கிய ஓடு நல்லதா என்று தெரிய விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் மேலே ஏற்றலாம். பொத்தென்றால் உள்ளே கீறல், இப்போது ஒழுகாவிட்டாலும் ஆடியில் ஒழுகும்.

பணம் எங்கிருந்து வரும்? ஆலங்கட்டி மழை அரசின் பேரிடர்ப் பட்டியலில் இருக்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022–26 விதிமுறைப்படி, குறைந்தது 15 சதவீதம் சேதமான வீட்டுக்குக் கெட்டிக் கட்டடமென்றால் 6,500 ரூபாய், மண், ஓலை மாதிரியான கச்சா வீடென்றால் 4,000, வீட்டோடு சேர்ந்த மாட்டுக்கொட்டகைக்கு 3,000 என்று இருந்தது. முழுவதும் இடிந்த வீட்டுக்கு மலைப்பகுதியில் 1,30,000. இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் கணக்கில் வந்த 17,400-க்கு முன்னால் 6,500 சின்னத் தொகைதான். இருந்தாலும் கேட்காமல் விடாதீர்கள். வி.ஏ.ஓ. வந்து பார்ப்பதற்கு முன்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டால் அவர் எதைப் பார்த்து எழுதுவார்? நாணயம் வைத்து எடுத்த படம் அதற்குத்தான்.

அந்தப் படம் இன்சூரன்ஸுக்கும் உதவும். 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பெயரில் எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி வீட்டுப் பாலிசி தருகின்றன. புயல், வெள்ளம், நிலச்சரிவு, மின்னல் எல்லாம் அதில் அடங்கும். ஆலங்கட்டிச் சேதமும் சேருமா என்று எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். வீட்டுக் கடன் வாங்கியவர்கள் பழைய காகிதங்களைப் புரட்டிப் பாருங்கள். வங்கி கடனோடு சேர்த்து எடுத்த பாலிசி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. தேய்மானத்துக்கு இன்சூரன்ஸ் தராது. உளுத்த ரீப்பரையும் உடைந்த சீட்டையும் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால், சேதத்தைப் பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் உளுத்ததைக் காட்டி மற்றதையும் வெட்டுவார். எஸ்டிமேட்டை மூன்றாகப் பிரிக்கச் சொன்னது இதற்காகவும்தான். நியாயமில்லாமல் மறுத்தால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர், அலுவலகம் இருக்கிறது. புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.

கடைசியாக, எப்போது செய்வது. ஆலங்கட்டி விழுந்த வாரத்தில் ஊரே ஆள் தேடும். கூலியும் ஏறும், அரைகுறை ஆளும் ஏணியோடு வந்துவிடுவார். கூடலூர், பந்தலூர், மஞ்சூர், எமரால்டு பக்கத்தவர்களுக்கு வேறு வழியில்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அவர்கள் மே முடிவதற்குள் முடித்தாக வேண்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். உங்களுக்கு அவசரமில்லை. ஓட்டை விழுந்த இடத்துக்கு நல்ல கனமான தார்ப்பாய் போட்டு, முகட்டைத் தாண்டி மறுபக்கம்வரை இழுத்துக் கட்டுங்கள். முகட்டுக்குக் கீழே கட்டினால் தண்ணீர் அடியில் புகும். சின்னக் கீறலுக்கு, பாசியைச் சுரண்டி நன்றாகக் காயவைத்து, ப்யூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டையை ஒட்டினால் சில மாதம் ஓட்டலாம். ஈரத்தில் ஒட்டினால் மறுநாளே உரிந்துவிடும். ஜூலையில் ஆள் நிதானமாகக் கிடைப்பார். மூன்று பேரிடம் எஸ்டிமேட் கேட்கவும் உங்களுக்கு நேரம் இருக்கும்.

நன்றி, வணக்கம்.