பெய்ஜிங்கை விட்டுப் போன இரும்பாலை எங்கே போச்சு?

வணக்கம் நண்பர்களே! 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல சீன வீராங்கனை ஐலீன் கு தங்கம் ஜெயிச்ச அந்தப் பனிச்சறுக்குத் தாவலை மறுபடி போட்டுப் பாருங்க. பின்னாடி பிரம்மாண்டமா கோபுரங்கள் நிக்குது. அணு உலை இல்லைங்க. ஷோகாங் இரும்பாலையோட குளிர்விப்புக் கோபுரங்கள்!

1919ல தொடங்கின ஆலை. 2008 ஒலிம்பிக்ஸ் வருது, பெய்ஜிங் காத்து சுத்தமாகணும்னு 2005ல இடமாற்றத்துக்கு அனுமதி கொடுத்தாங்க. 2010 கடைசியில பெய்ஜிங்ல உலை அணைஞ்சது.

அது போய்ச் சேர்ந்த இடம், ஹெபெய் மாகாணத்துல தாங்ஷானை ஒட்டின போஹாய் கடலோரம். பேரு ட்சாவ்ஃபெய்தியான். புது ஆலை பழசை விட நவீனம், கடல்நீரையே உப்பு நீக்கிப் பயன்படுத்துது. அதை நான் மறுக்கல. ஆனா ஆலை, துறைமுகம், தொழிற்பேட்டைன்னு எல்லாத்துக்கும் சேர்த்து 200 சதுர கிலோமீட்டருக்கு மேல கடலோரத்தை மண்ணடிச்சு மேடாக்கினாங்க.

இப்பதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. [திரையில்: செந்நிற மார்போட ஒரு சின்னப் பறவை]

இது ரெட் நாட். நம்ம கோடியக்கரைக்கு வலசை வர்ற உள்ளான்களோட சொந்தம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல இருந்து ரஷ்யாவோட ஆர்க்டிக் வரைக்கும் பறக்கும். நடுவுல ஏப்ரல், மே மாசத்துல இந்தப் போஹாய் சேத்துலதான் இறங்கி, குட்டிக் குட்டிச் சிப்பிகளை ஓட்டோட முழுசா முழுங்கி, இரைப்பையில நொறுக்கிக் கொழுப்பேத்திக்கும். இங்க சரியாத் தின்னாத்தான் ஆர்க்டிக் போய் முட்டை வைக்கத் தெம்பு இருக்கும்.

ஆய்வாளர்கள் 2007ல இருந்து 2010 வரைக்கும் எண்ணிப் பார்த்தப்போ, மிச்சமிருந்த சேத்துத் திட்டுல பறவைகள் பல மடங்கு கூடியிருந்துச்சு. அட, நல்ல சேதியாச்சேன்னு தோணுதா? நாலு பஸ்ஸை நிறுத்திட்டா அஞ்சாவது பஸ்ல படிக்கட்டு வரைக்கும் கூட்டம் தொங்கும்ல, அதேதாங்க இது! பக்கத்துச் சேறு மூடிப் போனதால எல்லாம் ஒரே இடத்துல வந்து நெருக்கியடிக்குது.

காத்து விஷயம் சுருக்கமா. பெய்ஜிங் காத்து பிறகு நல்லாவே தேறுச்சு, நிலக்கரியைக் குறைச்சதும் அதுக்குப் பெரிய காரணம். ஆனா 2014ல அந்த ஊர் அதிகாரிகளே சொன்ன கணக்கு: நுண்தூசியில 28 முதல் 36 சதவீதம் வெளியூர்ல இருந்து வர்றது.

அதனால ஒரு ஆலையை ஊரை விட்டு அனுப்புறப்போ, அது போய் இறங்குற ஊர்லயும் அதே அளவு கறாரா ஆய்வு நடக்கணும்னு நான் அழுத்திச் சொல்வேன். உங்க ஊர்ல இருந்து கிளப்பின ஆலை எந்த ஊருக்குப் போச்சு? அங்க தண்ணி இப்ப எப்படி இருக்கு? தெரிஞ்சவங்க ஊர் பேரோட கமெண்ட்ல எழுதுங்க.