பார்க்க அழகு, இழுக்கத் தெம்பு: மல்லார்ட் மாடல் இன்ஜினை எடைபோடுவது எப்படி?

[திரையில்: நீல நிற மல்லார்ட் மாடல். கேமரா மூக்கிலிருந்து, பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வரை நகர்கிறது.]

வணக்கம். நீராவி இன்ஜின் மாடல் வாங்கப் போனால் நாம் கேட்பது இரண்டு கேள்வி. அசல் மாதிரியே இருக்கிறதா? எத்தனை பெட்டி இழுக்கும்? இந்த இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. இழுக்க எடை வேண்டும். அந்த எடையை வைக்க வேண்டிய இடத்தில்தான் மோட்டாரும் சர்க்யூட் போர்டும் ஸ்பீக்கரும் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

நான் எடுத்துக்கொள்வது பிரிட்டனின் ஏ4 வகை மல்லார்ட் நீராவி இன்ஜின், ஓஓ அளவில், அதாவது அசலில் ஏறக்குறைய 76-இல் ஒரு பங்கு (துல்லியமாக 76.2). நைஜல் கிரெஸ்லி வடிவமைத்தது. 1938 ஜூலை 3 அன்று ஸ்டோக் பேங்க் இறக்கத்தில் மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீட்டர் வேகம் தொட்டது. நீராவி இன்ஜின்களில் அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. அசல் இன்ஜின் யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

[திரையில்: மூக்குப் பகுதி, மிக அருகில்]

முதலில் தோற்றம். சாதாரண நீராவி இன்ஜினில் குழாய், கைப்பிடி, ஆணித்தலை என்று கண்ணுக்கு நிறைய வேலை உண்டு. சின்னத் தவறு அதில் மறைந்துவிடும். ஏ4-இன் மேலுறை வழவழப்பானது, மறைக்க எதுவும் இல்லை. ஆப்பு போல் சரியும் முன்பக்கமும், சக்கரங்களுக்கு மேலே ஓடும் அந்த நீண்ட வளைவும் சரியாக வந்திருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்திப் பிடியுங்கள். மேலுறையில் வார்ப்பு அச்சின் பாதிகள் சேர்ந்த கோடு இருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

அப்புறம் எண். ஒரே இன்ஜின் 4468 என்ற எண்ணோடு பிறந்து, பிரிட்டிஷ் ரயில்வே காலத்தில் 60022 ஆனது. 4468 என்றால் நீல நிறம், சக்கரங்களைப் பாதி மறைக்கும் பக்கத் தகடுகள். பராமரிப்பு சுலபமாக இருக்கட்டும் என்று போர்க்காலத்தில் அந்தத் தகடுகளைக் கழற்றிவிட்டார்கள். அதனால் 60022 என்று எழுதிய பச்சை மாடலில் தகடு இருந்தால் அது தப்பு. புகைபோக்கியும் கவனிக்க வேண்டியது. மல்லார்ட் பிறந்ததே இரட்டைப் புகைபோக்கியோடுதான். 35 ஏ4-களில் பெரும்பாலானவற்றுக்கு அது 1950-களின் பிற்பகுதியில்தான் வந்தது. ஒற்றைப் புகைபோக்கியோடு மல்லார்ட் பெயர்ப்பலகை கண்டால், தனி வார்ப்பு அச்சு செய்யும் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒன்றை மட்டும் மன்னித்துவிடலாம். ஓஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், 1:76 கணக்குப்படி ஏறக்குறைய 18.8 இருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கித் தெரிவது அதனால்தான். எல்லா ஓஓ மாடலுக்கும் இது பொது.

[திரையில்: சமையலறைத் தராசு, நூல், சிறிய கப்பி]

சரி, இழுவைக்கு வருவோம். இங்கே ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். அசல் இன்ஜின், டெண்டர் இல்லாமல், சுமார் 104.6 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 76-இல் ஒரு பங்காகச் சுருங்குவதால் எடையை 76.2-ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும். வருவது வெறும் 236 கிராம். ஆனால் நம் மாடல் பெட்டிகளோ கணக்குக்கு மேல் கனமானவை, அச்சு உராய்வும் அதிகம். அளவுக்குத் தக்க எடையோடு விட்டால் இன்ஜின் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். வார்ப்பு உலோகச் சட்டமும் உள்ளே ஈயக் கட்டியும் வைப்பது இதற்காகத்தான்.

அளப்பது சுலபம். தராசில் 200 கிராம் எடைக்கல் வையுங்கள். அதில் நூலைக் கட்டி நேர் மேலே கொண்டுபோய், கப்பி வழியாகத் திருப்பி, தண்டவாள மட்டத்தில் இன்ஜினின் கொக்கியில் மாட்டுங்கள். இன்ஜினை ஓட்டுங்கள். சக்கரம் வழுக்கத் தொடங்கும்போது தராசு 130 காட்டினால், இழுவிசை 70 கிராம். பளபளக்கும் உலோகச் சக்கரத்துக்கு, மோட்டார் சுற்றும் சக்கரங்களின் மேல் விழும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை கிடைத்தால் நல்லது. ரப்பர் வளையம் போட்ட சக்கரம் இதைவிட அதிகம் இழுக்கும், ஆனால் அந்தச் சக்கரம் மின்சாரம் எடுக்காது.

ஏற்றத்தில் கதையே வேறு. 150 கிராம் பெட்டிகள் எட்டு சேர்ந்தால் 1,200 கிராம். ஐம்பதுக்கு ஒன்று ஏற்றத்தில், அதாவது 50 சென்டிமீட்டர் போனால் 1 சென்டிமீட்டர் உயரும் பாதையில், அதற்கு மட்டும் கூடுதலாக 24 கிராம் இழுவிசை வேண்டும்; உராய்வும் இன்ஜினின் சொந்த எடையும் தனி. சமதளத்தில் பத்துப் பெட்டி இழுத்தது என்ற பேச்சை அப்படியே நம்பாதீர்கள். மல்லார்ட் சாதனை ஓட்டத்தில் இழுத்தது ஏழு பெட்டி. அந்த ஏழு பெட்டியையாவது உங்கள் மாடல் உங்கள் ஏற்றத்தில், வளைவோடு சேர்த்து, இழுக்க வேண்டும்.

[திரையில்: கண்ணாடித் தகட்டின் மேல் இன்ஜின், சக்கரத்தடியில் காகிதத் துண்டு]

எடை போதுமானதாக இருந்தும் வழுக்குகிறதா? இன்ஜினைக் கண்ணாடித் தகட்டில் நிறுத்தி, ஒவ்வொரு பெரிய சக்கரத்தின் அடியிலும் காகிதத் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள். எது லேசாக உருவி வருகிறதோ, அங்கே எடை விழவில்லை. பெரும்பாலும் முன் சிறு சக்கரங்களின் ஸ்பிரிங் இறுக்கமாக இருந்து இன்ஜினைத் தூக்கிக்கொண்டிருக்கும். அதைத் தளர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் நடுச் சக்கரத்துக்கு நேர் மேலே ஈயம் சேருங்கள். ஆனால் முழுச் சுமையிலும் சக்கரம் வழுக்கத்தான் வேண்டும். வழுக்காமல் மோட்டார் முனகி நின்றால் எடை கூடிவிட்டது. சுருள் கருகுவதற்கு முன் ஈயத்தைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள்.