நுரை கலைந்த பிறகும்

கிருஷ்ணகிரி பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் நுரை மலை மலையாகப் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவையும் வாங்கிக்கொண்டு நம் மண்ணுக்குள் நுழைகிற தென்பெண்ணை அது. நுரையைப் பார்த்துப் பயப்படுகிறோம், நியாயம்தான். ஆனால் சோப்புத்தூளால் வருகிற நுரை காற்றில் கலைந்துவிடும். அதன் பிறகு தெளிந்து ஓடுகிற தண்ணீரில் இருக்கிற கிருமி கண்ணுக்குத் தெரியாது. எனக்குக் கவலை அதுதான்.

சாக்கடை நீர் 100 மில்லியில் மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா 10 லட்சத்திலிருந்து 10 கோடி வரை இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை நேராக நோய் தருவதில்லை. ஆனால் அவை இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். டைபாய்டும், காலராவும், மஞ்சள் காமாலையும் வர வழி திறந்திருக்கிறது.

“சுத்திகரித்துத்தானே விடுகிறார்கள்” என்பீர்கள். கணக்குப் போடுவோம். 1 கோடி இருந்த இடத்தில் 99 சதவீதத்தை நீக்கினால் மிச்சம் 1 லட்சம். குளிக்கிற ஆற்று நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த உச்சவரம்பு 100 மில்லிக்கு 2500. அதைப்போல 40 மடங்கு! அதனால்தான் கடைசியில் குளோரினோ புற ஊதா ஒளியோ கொண்டு கிருமியைக் கொல்லும் கட்டம் வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் ஒளி ஊடுருவாது. அம்மோனியா மிஞ்சியிருந்தால் போடுகிற குளோரினை அதுவே தின்றுவிடும். முதல் மழைக்கு அடிவண்டலும் கிளறப்படும், அதில் பதுங்கிய கிருமிகளும் மேலே வரும்.

சரி, ஆற்றோரக் கிணறு வைத்திருப்பவர் என்ன செய்வது? வட்டக் கிணறு, விட்டம் 4 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்று வையுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தாலும் 3.14-ஆலும் பெருக்கி, 4-ஆல் வகுங்கள்: சுமார் 37.7 கன மீட்டர், அதாவது 37,700 லிட்டர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வீதம் ஏறக்குறைய 95 கிராம். பக்கெட்டில் முதலில் பசையாகக் குழைத்து, முக்கால் பக்கெட் தண்ணீர் விட்டுக் கலக்கி, 10 நிமிடம் தெளிய விடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டாதீர்கள், தண்ணீர் கடினமாகும். தெளிவை மட்டும் வேறு பக்கெட்டில் ஊற்றி, கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். இரவில் செய்வது நல்லது, காலைவரை யாரும் இறைக்கமாட்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். டேங்க் ஆபரேட்டரிடம் இருக்கும் குளோரோஸ்கோப்பில், அதாவது குளோரின் அளவு பார்க்கும் கருவியில், மஞ்சள் நிறம் காட்டும். காட்டவில்லை என்றால் கிணற்றில் அழுக்கு அதிகம், அளவைக் கூட்ட வேண்டும். இல்லையேல் பவுடர் செத்துப்போயிருக்கும். வாய் திறந்த மூட்டை ஈரம் பட்டால் வீரியம் போய்விடும்.

குளோரினுக்கும் சாகாத ஒட்டுண்ணிக் கிருமி ஒன்று உண்டு, கிரிப்டோஸ்போரிடியம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும். அதற்குக் காய்ச்சுவதுதான் வழி: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம். ஆறியபின் கையை விட்டு மொள்ளாமல், கைப்பிடி நீண்ட கரண்டியால் எடுங்கள்.