வேன் ஜன்னலைக் கொஞ்சம் திறங்க

[காட்சி: விடியற்காலை. மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) முனையில வேன்.]

பெரட்டு (காலையில ஆள் கணக்கெடுப்பு) முடிஞ்சு பன்னிரண்டு பேர் ஏறியாச்சு. வெளியே தூறல், அதனால ஜன்னல் எல்லாம் சாத்தியாச்சு. பின்சீட்டுல ஒருத்தர் இருமுறாரு. "ஒன்னுமில்ல மண்டோரு, லேசா சளிதான்"னு வேலையை மேற்பார்க்கிற மண்டோர்கிட்ட சொல்றாரு.

சளியா இருக்கலாம். புதுசா வந்த கிருமியாவும் இருக்கலாம். புதுசுன்னா, நம்ம உடம்பு அதை முன்னபின்ன பார்த்ததில்ல, எதிர்க்கப் பழகல. 2020 ஜனவரி 25-ல நம்ம நாட்டுல முதல் கோவிட் நோயாளிகள் உறுதியானாங்க. மார்ச் 18-ல நாடே கதவைச் சாத்திக்கிச்சு. இடையில ரெண்டு மாசம்கூட இல்ல.

[காட்சி: வேனுக்குள்ள. மூச்சுக்காத்து புகையா வரையப்பட்டு மெல்லப் பரவுது.]

இருமும்போது தெறிக்கிற பெரிய துளி ஒன்னு ரெண்டு மீட்டருக்குள்ள விழுந்துடும். பொடித்துளிதான் வில்லங்கம். சாமி மேடையில சாம்பிராணி போட்டா அடுப்படி வரைக்கும் வருதில்ல? அப்படித்தான் மிதக்கும். இருமணும்னுகூட இல்ல, பேசினாலே போதும். பாடினா இன்னும் மோசம். அமெரிக்காவுல, வாஷிங்டன் மாநிலத்துல, 2020 மார்ச்சுல 61 பேர் கூடி ரெண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி செஞ்சாங்க. ஒருத்தருக்குச் சளி இருந்துச்சு. கடைசியில அவரையும் சேர்த்து 53 பேர் படுத்துட்டாங்க. கதவைச் சாத்திக்கிட்டு நாம நடத்துற பஜனை ஞாபகம் வருதா?

கோவிட்ல இன்னொன்னும் பார்த்தோம். காய்ச்சல் காட்டுறதுக்கு ஒன்னு ரெண்டு நாள் முன்னாடியே ஆள் பரப்பிடுவாரு. அதனால இருமுறவரை மட்டும் முறைச்சுப் பிரயோசனமில்ல.

[காட்சி: முகக்கவரி மாட்டும் கை.]

முகக்கவரி மூக்கையும் மூடணும். கீழே இறக்கிவிட்டா தாடிக்குத்தான் பாதுகாப்பு. நம்ம பினாங்குல பிறந்த டாக்டர் ஊ லியன் தே, 1910-11-ல மஞ்சூரியாவுல நுரையீரல் பிளேக் பரவினப்போ, இது மூச்சுக்காத்துல தொத்துதுன்னு சொல்லி, துணியில செஞ்ச முகக்கவரியைப் போடவச்சாரு. அது வேற கிருமி. வந்த வழி இதேதான்.

கையை சோப்பு போட்டு 20 விநாடி தேய்ங்க. மீன் சட்டி எண்ணெய் சோப்புக்கு விட்டுக்கொடுக்குற மாதிரி, கோவிட் கிருமியோட கொழுப்பு உறையும் சிதைஞ்சுடும்.

[காட்சி: லயத்து வீடு. வாசல்ல பாட்டி.]

"வீட்டிலேயே இருங்க"ன்னு சொல்றது சுலபம். நாள் சம்பளக்காரருக்கு ஒரு நாள் போனா காசு போச்சு. அதான் இருமலை மறைக்கிறாங்க. அதுல எனக்குக் கோபமே வரல. கிளினிக் போய் எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) எடுங்க, மண்டோர்கிட்ட சொல்லிடுங்க. தனி ரூம் இல்லாத வீட்டுல, நோயாளி ஜன்னலோரம் படுக்கட்டும், முகக்கவரியோட. பாட்டியை வேற பக்கம் படுக்க வைங்க. மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, பேச்சு குழறுதுன்னா வீட்டு வைத்தியம் பார்க்காம 999 அடிங்க.

[காட்சி: மறுபடி வேன்.]

எதிரெதிரா ரெண்டு ஜன்னலைத் திறந்தா காத்து குறுக்கே ஓடும். தோள் கொஞ்சம் நனையும். மண்டோர் முணுமுணுக்கிறாரு. பின்சீட்டு அண்ணன் பையிலிருந்து முகக்கவரியை எடுக்கிறாரு.