எனக்கு மூன்று வந்த கதை

வணக்கம் மக்களே. போன வாரம் ஏன் வீடியோ வரவில்லை என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மார்ச் மாதம், அவ்வளவுதான். ஐடியில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன், இது அப்ரைசல் சீசன், வருடம் முழுக்கச் செய்த வேலைக்கு மதிப்பெண் போடும் காலம். செல்ஃப் அப்ரைசல் படிவத்தை இன்று இரவு 11.59-க்குள் அனுப்ப வேண்டும். லேப்டாப் இதோ பக்கத்தில்தான் திறந்து கிடக்கிறது. பின்னால் குக்கர் விசில் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், அம்மா சுண்டல் வைத்திருக்கிறார்.

படிவத்தின் முதல் கேள்வியே, இந்த ஆண்டு உங்கள் இலக்குகளை எப்படி எட்டினீர்கள் என்பதுதான். எட்டினேனா இல்லையா என்பது அப்புறம். இலக்கு என்ன என்பதே எனக்கு மறந்துவிட்டது. போன ஏப்ரலில் நானே எழுதிய கோல் ஷீட்டைத் தேடி எடுத்தேன். "டிக்கெட் எண்ணிக்கையை 20 சதவீதம் குறைப்பது" என்று இருக்கிறது. டிக்கெட் என்றால் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துபவர்கள் பதிவு செய்யும் புகார். அந்த ப்ராஜெக்ட் ஜூலையிலேயே மூடப்பட்டுவிட்டது. ஆக, புகார் 20 இல்லை, 100 சதவீதம் குறைந்துவிட்டது! அதை என் சாதனையாகவே எழுதிவிடலாமா என்று இரண்டு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன்.

சிரிக்காதீர்கள், நீங்களும் இதைத்தான் செய்கிறீர்கள். ஏப்ரலில் அவசரமாக நான்கு வரி எழுதுவோம், பாதிப் பேர் போன வருடத்து வரியையே காப்பி பேஸ்ட் செய்வோம். பிறகு பதினோரு மாதம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டோம். பார்க்காததற்கு சோம்பல் மட்டும் காரணம் இல்லை. அதை நிரப்புவதால் எதுவும் மாறப்போவதில்லை என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம். அந்த எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்றுதான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் ஆட்களுக்கு மதிப்பெண் போட்டாலே பிடிக்காது என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாசலில் கோலம் போட்டுவிட்டு, நாலு பேர் நின்று பார்த்துவிட்டுப் போக மாட்டார்களா என்று நினைக்கிற ஊர் இது. செய்த வேலையை ஒருவர் பார்த்துச் சொன்னால் யாருக்குக் கசக்கும்?

சரி, கதைக்கு வருகிறேன். இப்போது இருக்கும் கம்பெனி இல்லை, இதற்கு முன்பு இருந்தது. பெயர் வேண்டாம். அந்த வருடம் தீபாவளிக்கு முந்தைய இரவு, ஒரு கையில் முறுக்கு, இன்னொரு கையில் போன். சர்வர் படுத்துவிட்டது, ஆன்-கால், அதாவது கூப்பிட்டால் உடனே சரிசெய்ய வேண்டிய ஆள், நான்தான். வீட்டில் எண்ணெய்க் குளியலுக்கு எல்லாரும் எழுந்திரிக்கும்போது, அதாவது விடிகாலை நாலே காலுக்கு, நான் லேப்டாப்பை மூடினேன். சர்வர் எழுந்துவிட்டது. மறுநாள் குழு மெயிலில் எனக்கு இரண்டு வரி பாராட்டும் வந்தது.

பிப்ரவரியில் அப்ரைசல் மீட்டிங், வீடியோ காலில். மேனேஜர் நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். "ஓப்பனா பேசலாம்மா, உங்க எதிர்பார்ப்பு என்ன சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். என் படிவத்தைக் காட்டுவதற்காக ஸ்கிரீன் ஷேர் செய்தார். வேறு ஜன்னல் திறந்துகொண்டது. ஒரு எக்ஸெல் ஷீட். வரிசையாக எங்கள் டீம் பெயர்கள். பக்கத்தில் இரண்டு பத்தி, ஒன்று ப்ரொபோஸ்டு, அதாவது மேனேஜர் பரிந்துரைத்த ரேட்டிங், இன்னொன்று ஃபைனல். என் பெயருக்கு நேரே முதலில் 4, அடுத்தது 3. அந்த 3 மட்டும் மஞ்சளில். ஃபைலின் பெயரே "ஃபைனல் 2" என்று முடிந்தது, அது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஃபைனலுக்கே இரண்டாவது ஃபைனல்!

இரண்டு விநாடியில் மூடிவிட்டார். நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இருவரும் இன்னும் நாற்பது நிமிடம் என் எதிர்பார்ப்பைப் பற்றிப் பேசினோம், பாருங்கள்! கடைசியில் சொன்னார், "வேலை எல்லாம் நல்லாத்தான் பண்றீங்க. விசிபிலிட்டிதான் கொஞ்சம் பத்தலை." விசிபிலிட்டி என்றால், செய்த வேலை மேலே இருப்பவர்கள் கண்ணில் படுவது. விடிகாலை நாலே காலுக்கு யாருக்கு விசிபிலிட்டி இருக்கும்?

மூன்று வந்ததில் வருத்தம் இருந்தது, சம்பள ஹைக் குறைந்ததில் இன்னும் வருத்தம் இருந்தது. ஆனால் என்னைக் குடைந்தது அந்த நாற்பது நிமிடம்தான்.

நாலு எப்படி மூன்றாகிறது? மேனேஜர்கள் எல்லாரும் தங்கள் டீமுக்கு ஒரு ரேட்டிங் போட்டு மேலே அனுப்புவார்கள். மேலே ஒரு அறையில் நார்மலைசேஷன் நடக்கும். மொத்தப் பேரையும் பெல் கர்வுக்குள் அடக்க வேண்டும். உச்சியில் இத்தனை பேர்தான், நடுவில் இத்தனை பேர், கடைசியில் கட்டாயம் இத்தனை பேர். பத்து பேரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் யாராவது இறங்கித்தான் ஆக வேண்டும். இதைப் பிரபலப்படுத்தியவர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச். அவர் கணக்கு 20, 70, 10. அந்தக் கடைசிப் பத்து சதவீதம் பேர் வெளியே போக வேண்டியதுதான். மைக்ரோசாஃப்டும் இப்படி வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது, 2013 நவம்பரில் கைவிட்டது. டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனம் தன் கணக்கைப் போட்டுப் பார்த்து 2015-இல் வெளியே சொன்னபோது, படிவம், மீட்டிங், ரேட்டிங் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் மணி நேரம் போயிருந்தது. அதில் நிறைய நேரம் ஊழியரோடு பேசிய நேரம் இல்லை. தலைவர்கள் மூடிய அறைக்குள் ரேட்டிங் பற்றித் தங்களுக்குள் பேசிய நேரம்! என் "ஃபைனல் 2" அப்படியொரு அறையிலிருந்துதான் வந்திருக்கும்.

ஐடியில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். என் பெரியப்பா மத்திய அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த எக்ஸெல் கதையைச் சொன்னபோது சிரித்தார். "நீ ரெண்டு செகண்டாவது பார்த்தே. எங்க காலத்துல சி.ஆர்-ல என்ன எழுதினாங்கன்னே தெரியாது" என்றார். சி.ஆர் என்றால் ரகசியக் குறிப்பு. மேலதிகாரி வருடா வருடம் எழுதுவார். பாதகமாக எழுதினால் மட்டும் தெரிவிப்பார்கள், மற்றது ரகசியம்.

அதில் ஒரு வழக்கு உண்டு, தேவ் தத் வழக்கு. எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் செயற்பொறியாளராக இருந்தவர். 1993-94-க்கு அவருக்கு "நன்று" என்று எழுதிவிட்டார்கள். நல்லதுதானே என்கிறீர்களா? பதவி உயர்வுக்கு ஐந்து வருடமும் "மிக நன்று" வேண்டும். அந்த ஒரு "நன்று" அவர் உயர்வைத் தின்றுவிட்டது. பாதகமான குறிப்பு இல்லை என்பதால் அதை அவரிடம் சொல்லவும் இல்லை. 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது மனிதர் ஓய்வே பெற்றுவிட்டார். எந்தக் குறிப்பாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது தீர்ப்பு. மறுவருடம் மத்திய அரசு முழு மதிப்பீட்டையும் ஊழியருக்குக் காட்ட உத்தரவு போட்டது. இப்போது அங்கே ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண், கையில் கிடைத்த பதினைந்து நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம்.

நன்று என்ற சொல்லே ஒருவருக்குப் பாதகமாகும் என்று எனக்கு அதற்கு முன் தோன்றியதே இல்லை. நம்முடைய "மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்", அதாவது எதிர்பார்த்ததைச் செய்தார் என்ற ரேட்டிங், இருக்கிறதே, அதுவும் இதே சாதிதான்.

இலக்கு வைத்து வேலை வாங்கும் யோசனையே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1954-இல் மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் அதை எழுதியபோது, அவரவர் தம் இலக்கைத் தாமே வகுத்து, தம்மைத் தாமே கவனித்துக்கொள்வதையும் சேர்த்தேதான் எழுதினார். நம் கைக்கு வந்தபோது இலக்கு என்ற முதல் பாதி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இப்போது கொஞ்சம் சங்கடமான பகுதி. இரண்டு வருடத்துக்கு முன் நான் டீம் லீட் ஆனேன். எனக்குக் கீழே ஆறு பேர். ஆறு பேருக்கும் ரேட்டிங் போட்டு அனுப்பினேன். ஒரு பையனுக்கு நான் போட்ட நாலு, மூன்றாகித் திரும்பி வந்தது. கேட்டேன், சண்டை போட்டேன் என்றுகூடச் சொல்லலாம். முடியவில்லை. அவனோடு மீட்டிங். என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் வருகிறது, "வேலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, விசிபிலிட்டிதான்..."

அந்த வார்த்தையை என் காதாலேயே கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "சரிக்கா. அப்போ நான் வேற என்ன பண்ணியிருக்கணும்?" என்று மட்டும் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அவன் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. பிறகு கேமராவை அணைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன், நான் நாலு போட்டேன், மேலே மூன்றாக்கிவிட்டார்கள் என்று. ஹெச்ஆருக்குத் தெரிந்தால் திட்டுவார்கள். ஆனால் மறுநாள் அவன் வழக்கம்போல் வந்து டீ குடிக்கக் கூப்பிட்டான்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை எனக்கே ஒரு மெயில், அந்த வாரம் செய்ததை நான்கு வரியில். இல்லாவிட்டால் மார்ச்சில் கடைசி இரண்டு மாதம்தான் ஞாபகம் இருக்கும், எனக்கும் சரி, மேனேஜருக்கும் சரி. ப்ராஜெக்ட் மாறினால் அன்றே கோல் ஷீட்டை மாற்றச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். நான் ஜூலையில் கேட்கவில்லை, அதனால்தான் இன்று இந்த 20 சதவீதத்தைப் பார்த்து முழிக்கிறேன். அப்புறம், ரேட்டிங் வந்த பிறகு படிவத்தின் அடியில் நம் கருத்துக்கு ஒரு சின்ன கட்டம் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைக் காலியாக விட்டுவிட்டு "அக்னாலெட்ஜ்", அதாவது பார்த்துவிட்டேன் என்ற பட்டனை அமுக்கிவிடுவோம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அமுக்கும் முன் அதில் இரண்டு வரி எழுதுங்கள். எழுதினால் நம்பர் மாறும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருடம் நீங்கள் தலையாட்டவில்லை என்று ஓர் இடத்தில் பதிவாகி இருக்கும்.

அந்தப் பையனும் அப்படித்தான் எழுதினான். "என் லீட் 4 என்று நினைத்தார்" என்று ஒரே வரி. படித்தபோது வயிறு கலங்கியது, பிறகு சிரிப்பு வந்துவிட்டது. இந்த வருடம் அவனுக்கு நான் போட்டிருப்பதும் நாலுதான். மேலிருந்து இன்னும் வரவில்லை.

மூன்றாவது விசில் வந்துவிட்டது. மணி பத்து ஐம்பது. அந்த டிக்கெட் விஷயத்தில், ப்ராஜெக்ட் மூடிவிட்டது என்று உள்ளதை உள்ளபடியே எழுதப் போகிறேன். வைக்கிறேன், பை.