பிரேக் தடம் இல்லாத சாலை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளிலும் விபத்து நடந்த இடங்களை அளந்து அறிக்கை எழுதுவதில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால், மது அருந்தியவர் ஓட்டும் வண்டி எவ்வாறு மோதுகிறது, அந்த மோதல் ஏன் அத்தனை கொடியதாகிறது என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள்.

அளவுநாடாவுடன் சாலையில் இறங்கியதும் நாங்கள் முதலில் தேடுவது பிரேக் அடித்த கறுப்புத் தடத்தைத்தான். நிதானத்தில் இருப்பவர் ஆபத்தைக் கண்டதும் தம்மையறியாமலே பிரேக்கை மிதித்துவிடுவார். மது அருந்தியவர் மோதிய இடத்திலோ பல வேளைகளில் தடமே இருப்பதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டரைக் கடந்துவிடுகிறது என்பதால், பிரேக்கை மிதிக்க அரை நொடி தாமதித்தாலே 14 மீட்டர் போய்விடும். மோதும் கணத்தில் வேகம் பாதியாகக் குறைந்திருந்தால் மோதலின் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும். மிதிக்கப்படாத பிரேக் அந்த முழு ஆற்றலையும் உடல்கள்மீது இறக்கிவிடுகிறது. (சக்கரம் இறுகாமல் தடுக்கும் கருவி வந்தபிறகு புதிய கார்கள் கறுப்புத் தடம் விடுவது குறைந்துவிட்டது, இப்போதெல்லாம் வண்டியின் கணினிப் பதிவைத்தான் நாட வேண்டியிருக்கிறது.)

இத்தகைய மோதல்கள் வெள்ளி, சனி இரவுகளிலேயே திரளுகின்றன. வளைவில் திரும்பாமல் நேரே சென்று மரத்திலோ கம்பத்திலோ மோதும் தனி வண்டியும், நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வருபவரை நேருக்கு நேர் இடிக்கும் வண்டியும் இவற்றில் மிகுதி. குடித்தவர் சீட் பெல்ட்டையும் மறந்துவிடுகிறார். மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபின் அவர் உளறுவது போதையாலா, மண்டைக்குள் கசியும் இரத்தத்தாலா என்று உடனே பிரித்தறிவதும் கடினம்.

நம்மவரிடையே புரட்டாசி மாதம் முழுவதும் இறைச்சியையும் மதுவையும் தொடாதவர்கள் பலர் உண்டு. விரதம் முடிந்து தீபாவளி நெருங்கும் வாரங்களில் அந்தக் கட்டுப்பாடு எங்கே போகிறது என்று நான் வியந்ததுண்டு.

தடுமாறி நடப்பவரை உறவினர்களே சாவியைப் பிடுங்கித் தடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதிகக் கவலை தருபவர் தூங்கி எழுந்து, குளித்து, தெளிந்துவிட்டதாக நம்பி வண்டியை எடுப்பவரே. 1996ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. டாக்சி, பேருந்து, லாரி போன்றவற்றைத் தொழிலாக ஓட்டுபவர்களுக்கு அது 0.02. உடல் பொதுவாக ஒரு மணி நேரத்தில் 0.015 கிராம் அளவுக்கே மதுவைக் குறைக்கிறது. கல்யாண வீட்டில் இரவு 2 மணிக்கு 0.15 அளவோடு குடியை நிறுத்தியவருக்குக் காலை 8 மணிக்கும் 0.06 இருக்கும்; அவர் பேருந்து ஓட்டுநராயின் பதினொரு மணி நெருங்கும்வரை காத்திருக்க வேண்டும். கறுப்புக் காபியும் குளிர்ந்த நீரும் இக்கணக்கை மாற்றுவதில்லை.

2020இல் கொரோனாக் கட்டுப்பாடுகளின்போது அரசு மது விற்பனையை நிறுத்தியதையும், அக்காலத்தில் மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுகளில் கூட்டம் குறைந்ததையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊரடங்கும் உடன் இருந்ததால் அந்தக் குறைவை முழுவதும் மதுவின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது; ஆயினும் தடை நீங்கியதும் காயமுற்றோர் மீண்டும் பெருகினர் என்பதை ஒதுக்கிவிடவும் முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் சாலையில் உயிரிழப்போரில் ஏறத்தாழ பத்தில் நால்வர் நடந்து செல்பவர்கள். அவர்களில் பலரும் மது அருந்தியிருப்பவர்களே. இருண்ட நெடுஞ்சாலையைக் கறுப்பு ஆடையில் கடக்கும் ஒருவரை நிதானமான ஓட்டுநர் இடித்துவிட்டால், அங்கே பிரேக் தடம் நீளமாகவே கிடக்கும். ஓட்டுநரின் மூச்சுச் சோதனையிலும் ஒன்றும் இராது. ஓட்டுநர்களை மட்டும் எண்ணும் பட்டியலில் அந்த மோதல் மது தொடர்பற்றதாகவே பதிவாகிவிடும்.